பழைய எஃப்-150 பிக்கப்பில் ஹீட்டர் காற்று பலமாக வர: சருகிலிருந்து ரெசிஸ்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்டாரியோவில் ஜனவரி மாதக் காலை. வெளியே மைனஸ் 20. விசிறியைக் கடைசி வேகத்துக்குத் திருகியாயிற்று, டேஷ்போர்டுக்குள் இரைச்சலும் கேட்கிறது. ஆனால் துவாரத்தில் கையை வைத்தால் யாரோ தூரத்திலிருந்து ஊதுவதுபோல ஒரு மெல்லிய மூச்சு மட்டும். கால் மணி நேரம் ஓட்டியும் முன் கண்ணாடியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் பனி விலகியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. ஹீட்டரைச் சொகுசு என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். குளிர்நாட்டில் அது பிரேக்கைப் போல ஒரு பாதுகாப்புச் சாதனம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி 1987 முதல் 1996 வரை வந்த ஃபோர்ட் எஃப்-150. அந்தக் காலத்து ப்ராங்கோவும் ஏறக்குறைய இதே அமைப்புதான். இந்த வரிசையில் கடைசியாக வந்தவற்றுக்கே முப்பது வயதாகிறது. இருந்தாலும் கனடாவின் பண்ணைகளிலும் கட்டட வேலையிடங்களிலும் இவை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கேபினுக்கான காற்று வடிகட்டி இவற்றில் கிடையாது. வெளியிலிருந்து எது வந்தாலும் நேராக உள்ளேதான் போகும். மெலிந்த காற்றுக்குப் பெரும்பாலும் இதுதான் மூல காரணம். வேறு பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் திருகு இருக்கும் இடங்கள்தான் மாறுமே தவிர, சோதிக்கும் முறை மாறாது.

ஒரு நண்பருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காற்று வரவில்லை என்று ஒரு பட்டறைக்குப் போனார். எஞ்சின் சூட்டை வாங்கிக் கேபின் காற்றுக்குக் கொடுக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பணம் புரளும்வரை தள்ளிப்போடலாம் என்று திரும்பி வந்தவரின் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தோம். ப்ளோயர் மோட்டாரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து இரண்டு கைப்பிடி மேப்பிள் சருகு வந்தது. அன்று ஒரு பாகமும் வாங்கவில்லை. அதிலிருந்து, எதையும் வாங்குவதற்கு முன் காற்று எங்கே தொலைகிறது என்று கண்டுபிடியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

காற்றுக் குறையா, சூட்டுக் குறையா?

இரண்டும் வேறு நோய். காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் அது தண்ணீர் சம்பந்தப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை நிறுத்தி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 90 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். எஞ்சின் சூடானபின், எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதிக்க, மற்றது ஆறிப்போய் இருந்தால் கோருக்குள் தண்ணீர் ஓடவில்லை. அது தனி வேலை.

வரும் கொஞ்சக் காற்று நல்ல சூடாக இருக்கிறது, அளவுதான் போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

காற்று போகும் வழி

இந்தப் பாதை மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கைகள் இருக்கும் இடத்தில் ஒரு கிரில் இருக்கிறதே, அதுதான் வாசல். அதன் அடியில் இருக்கும் பள்ளமான அறையைக் கவுல் என்பார்கள். காற்று அங்கிருந்து பயணி உட்காரும் வலது பக்கம் இறங்கி, ப்ளோயர் விசிறியில் நுழைகிறது. ஏசி உள்ள வண்டியில் அடுத்து, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர். அப்புறம் ஹீட்டர் கோர். சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு ஒன்று அங்கே இருக்கிறது. அதைத் தாண்டியதும் கண்ணாடிக்கா, முகத்துக்கா, காலுக்கா என்று பிரித்துவிடும் கதவுகள். அங்கிருந்து குழாய்கள் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. வந்த காற்று கேபினை விட்டு வெளியேறவும் வழி வேண்டும். பலர் மறந்துவிடும் கடைசிப் படி அது.

இத்தனை இடத்தில் எங்கே அடைத்திருந்தாலும், எங்கே கசிந்தாலும் கைக்கு வருவது அதே மெல்லிய மூச்சுதான். அதனால் கையில் படும் காற்றை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியாது.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் ஐந்து சோதனைகள்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேற்றுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் கொல்லும். ஒரு மெல்லிய காகிதக் கீற்றைத் துவாரத்துக்கு முன்னால் பிடித்தால் காற்றின் பலம் தெரியும்.

முதல் சோதனை: எல்லா ஜன்னலும் மூடியிருக்க, விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு ஒரு ஜன்னலை மூன்று விரல் அளவு இறக்குங்கள். காகிதம் சட்டென்று அதிகம் பறந்தால், கேபினிலிருந்து காற்று வெளியேறும் வழி அடைத்திருக்கிறது.

இரண்டாவது: ஏசி உள்ள வண்டியில் சாதாரண ஏசி நிலையிலும் மேக்ஸ் ஏசி நிலையிலும் வைத்து ஒப்பிடுங்கள். மேக்ஸில் வைத்தால் வெளிக்காற்று அடைபட்டு கேபின் காற்றே சுற்றி வரும். அந்த நிலையில் மட்டும் காற்று நன்றாக வந்தால் குற்றவாளி கவுல் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி மெலிவாக இருந்தால் அடைப்பு விசிறியிலோ அதற்குப் பின்னாலோ.

மூன்றாவது: வெப்பநிலை நெம்புகோலை முழுக் குளிருக்குத் தள்ளிப் பாருங்கள், பிறகு முழுச் சூட்டுக்கு. குளிரில் வைத்தால் காற்று ஹீட்டர் கோரைத் தொடாமல் போகும். சூட்டில் வைத்தால் அதன் துடுப்புகளுக்கு நடுவே நுழைந்துதான் வர வேண்டும். குளிரில் பலமாகவும் சூட்டில் மெலிவாகவும் வந்தால் கோரின் முகத்தில் ஏதோ படிந்திருக்கிறது. இவ்வளவு எளிதான சோதனை இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

நான்காவது: விசிறியின் நான்கு வேகங்களையும் காதால் எண்ணுங்கள். கடைசி வேகம் மட்டும் ஓடினால், விசிறியின் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் போய்விட்டது. எதுவுமே ஓடாவிட்டால் ஃப்யூஸில் தொடங்குங்கள். நான்கு வேகத்திலும் ஒலி ஒழுங்காக மாறுகிறது, காற்று மட்டும் மாறவில்லை என்றால் அடைப்பு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வகை உருளை விசிறி அடைபட்டால் திணறி மெதுவாகச் சுற்றும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சுமை குறைந்து இன்னும் வேகமாக, கீச்சென்று சுற்றும். வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் மூடினால் ஒலி உயர்வது இதனால்தான். இரைச்சல் பலமாக இருக்கிறது, அதனால் மோட்டார் நன்றாக வேலை செய்கிறது, காற்றும் போய்க்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஐந்தாவது: கண்ணாடி, முகம், கால் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எதில் வைத்தாலும் காற்று கண்ணாடிக்கே போனால் வேக்குவம், அதாவது கதவுகளை இழுக்கும் எஞ்சினின் உறிஞ்சும் விசை, பிரச்சினை.

கிடைத்த பதில்களை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் இதே ஐந்தையும் மறுபடி செய்துதான் தேறியதா என்று முடிவு செய்யப் போகிறோம்.

கவுலைச் சுத்தம் செய்தல்

கிரில்லின் மேல் கிடப்பதைக் கையால் அள்ளுவது எல்லோரும் செய்வது. அடியில் இருப்பதுதான் சிக்கல். வைப்பர் கைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு அவற்றைக் கழற்றுங்கள். பிறகு கிரில்லின் ஸ்க்ரூக்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு எண்ணெய் தெளித்து வையுங்கள். பிளாஸ்டிக்கை மைனஸ் குளிரில் நெம்பினால் உடையும். அதனால் இந்த வேலைக்கு அக்டோபர் மாதம் நல்லது.

உள்ளே மேப்பிள் மரத்தின் இறக்கை விதைகள், ஸ்ப்ரூஸ் ஊசிகள், பாப்லர் பஞ்சு எல்லாம் உப்புக் கரைசலோடு கலந்து மட்கிப்போய்க் கிடக்கும். கையுறை போட்டு அள்ளுங்கள், மிச்சத்தை வாக்குவம் கிளீனரால் இழுங்கள். தண்ணீர் வடியும் துளைகள் இரு ஓரங்களிலும் திறந்திருக்க வேண்டும். அவை அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கித் தகடு அரிக்கும், ஈரம் ப்ளோயருக்குள்ளும் இறங்கும். சுத்தம் செய்யுமுன் குழாயால் தண்ணீர் அடிக்காதீர்கள். சருகு முழுவதும் விசிறிப் பெட்டிக்குள் போய்விடும். முதலில் உலர்வாக அள்ளி முடித்து, அப்புறம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள்.

ப்ளோயர் மோட்டாரைக் கழற்றுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பேட்டரியின் நெகடிவ் கேபிளை எடுத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து நின்றால் ஃபயர்வாலின் பயணி பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியும் அதில் பொருத்திய வட்ட மோட்டாரும் தெரியும். வயர் ப்ளக்கைக் கழற்றுங்கள். மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன ரப்பர் குழாய் ஒன்று பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே இருக்கும். அதையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். திரும்ப மாட்ட மறந்தால் மோட்டார் சீக்கிரம் சூடாகிச் சாகும். விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை 8 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்றி மோட்டாரை நேராக இழுத்தால் விசிறியோடு சேர்ந்து வந்துவிடும்.

இப்போது அந்தத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஒரு சருகு மெத்தை இருக்கும். இன்னும் உள்ளே, எவாப்பரேட்டரின் முகத்தில் கம்பளி போர்த்தியதுபோல தூசியும் இலையும் படிந்திருக்கும். ஏசி இல்லாத வண்டியில் இதே படலம் ஹீட்டர் கோரின் மேல் இருக்கும். கையால் எட்டுவதை எல்லாம் எடுங்கள். எட்டாததற்கு, வாக்குவம் கிளீனர் வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை டேப்பால் சுற்றி இணைத்து அனுப்புங்கள். பக்கத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ரெசிஸ்டரையும் கழற்றினால் இன்னொரு ஜன்னல் கிடைக்கும், அதன் வழியாகவும் பார்க்கலாம்.

துடுப்புகளை மென்மையான பிரஷ்ஷால் அவை நிற்கும் திசையிலேயே வருடுங்கள். குறுக்கே தேய்த்தால் மடங்கி நாமே புது அடைப்பை உண்டாக்கிவிடுவோம். கம்ப்ரஸர் காற்றை விசிறிப் பக்கத்திலிருந்து அடிப்பதும் தவறு. அழுக்கு இன்னும் ஆழமாகப் போய்ச் செருகிக்கொள்ளும். ஏசி குழாய்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவிழ்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம், கண்ணில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

பெட்டியின் அடியில் எவாப்பரேட்டர் தண்ணீர் வடியும் குழாய் இருக்கிறது. ஒரு மென்மையான கம்பியை விட்டு அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து விசிறிச் சக்கரம். அதன் இதழ்களின் உட்குழிவில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கு, காற்றை அள்ளும் திறனைக் கணிசமாகக் குறைக்கும். பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். மோட்டார் நனையக் கூடாது. இதழ்களில் சின்ன உலோகக் கிளிப் ஏதாவது செருகியிருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் அதிராமல் சுற்ற வைத்த எடை அது. நடுக்குழி அச்சில் வழுக்குகிறதா என்று ஒரு கையால் அச்சையும் மறு கையால் சக்கரத்தையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். வெடித்த சக்கரம் மெதுவான வேகத்தில் ஒழுங்காகச் சுற்றி, வேகம் கூடும்போது வழுக்கும்.

சமீபத்தில் மோட்டார் மாற்றப்பட்ட வண்டியா? அப்படியானால் சுற்றும் திசையை அவசியம் பாருங்கள். இரண்டு வயரும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இந்த வகை விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை உள்ளே இழுக்காது. அதே வாய் வழியாக, ஆனால் மிக மெலிவாக வெளியே தள்ளும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. எல்லாம் புதிதாக இருந்தும் காற்று இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்ட வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். வயரை மாற்றிச் செருகியதும் சரியாகிவிட்டது.

திரும்பப் பொருத்தும்போது விளிம்பின் கேஸ்கட் காய்ந்து உதிர்ந்திருந்தால் மெல்லிய ஃபோம் பட்டை ஒன்று ஒட்டுங்கள். அந்த இடுக்கில் கசியும் காற்று உங்களுக்கு வராமல் எஞ்சின் அறைக்குப் போய்விடும்.

எலிக் கூடு இருந்தால்

கிராமப்புறத்தில் நிறுத்தி வைத்த பிக்கப்பின் விசிறிப் பெட்டி எலிக்கு அருமையான வீடு. பஞ்சு, இருக்கையின் நூல், எச்சம் எல்லாம் கண்டால் உடனே நிறுத்துங்கள். வட அமெரிக்காவின் மான் எலி ஹன்டா வைரஸைப் பரப்பக்கூடியது. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும், அது நுரையீரலைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். கனடாவில் இந்நோய் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில் காணப்பட்டாலும், வேறு இடத்தில் இருப்பவர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். உலர்வாகத் துடைப்பதோ வாக்குவம் செய்வதோ கூடாது. என்95 முகமூடி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு காகிதத் துண்டால் எடுத்து இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். ப்ளீச் அலுமினியத்தை அரிக்கும், எனவே கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். விசிறியை முதன்முறை ஓட விடும்போது எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து வெளியே நில்லுங்கள்.

மின்சாரம் எங்கே தொலைகிறது

அடைப்பு எல்லாம் நீங்கியும் காற்று சோர்வாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கும். விசிறியை முழு வேகத்தில் வைத்து, ப்ளக்கைக் கழற்றாமல், மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே அளவு எடுங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட் வரை குறைந்தால் நான் விட்டுவிடுவேன். இரண்டு வோல்ட் குறைந்தால் தேடத் தொடங்குவேன். வோல்டேஜ் குறையக் குறைய விசிறியின் வேகமும் குறைகிறது, காற்றின் அளவும் அதோடு சேர்ந்து குறைகிறது. ஆனால் காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி விழும். குழாய்கள் நீண்டு வளைந்து போகும் இடத்தில் இந்த அழுத்தம்தான் முக்கியம்.

எந்தப் பக்கம் தொலைகிறது என்று அறிய ஒரு முனையைப் பேட்டரி பாஸிடிவிலும் மறு முனையை மோட்டாரின் பாஸிடிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்தப் பாதையின் இழப்பு. அதேபோல மோட்டார் நெகடிவுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே. எந்தப் பக்கமும் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பச்சை பூத்த முனை, துருவேறிய எர்த் போல்ட், பழுப்பேறி உருகிய விசிறி சுவிட்ச் ப்ளக் இவையே வழக்கமான ஆட்கள். 20 ஆம்பியர் ஓடும் இணைப்பில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் அங்கே 30 வாட் சூடு பிறக்கிறது. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? உருகிய ப்ளக்கை டேப் சுற்றி ஓட்டாதீர்கள், வயர் நீட்டத்தோடு கிடைக்கும் புதிய ப்ளக்கை வாங்கி மாற்றுங்கள்.

நேர் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் தெளிவு. வோல்டேஜ் சரி, ஆம்பியர் குறைவு என்றால் விசிறிக்குக் காற்று கிடைக்கவில்லை, அடைப்பு மிச்சமிருக்கிறது அல்லது சக்கரம் வழுக்குகிறது. வோல்டேஜ் சரி, ஆம்பியர் அதிகம், சுற்றுவது மெதுவாக என்றால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் இறுகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

இப்போது ரெசிஸ்டர். அது சுருள் கம்பிகள் கொண்ட ஒரு சின்னத் தகடு. காற்றோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருப்பது அந்தக் காற்றாலேயே அது குளிர வேண்டும் என்பதற்காக. சருகு அடைத்துக் காற்று குறைந்தால் ரெசிஸ்டர் பழுத்துச் சிவந்து, அதிலுள்ள வெப்பக் காவல் துண்டு அறுந்துவிடும். அதன் பிறகு கடைசி வேகம் மட்டும்தான், ஏனென்றால் அது ரெசிஸ்டரைத் தொடாமல் போகும் வழி. ஆகவே ரெசிஸ்டர் போய்விட்டது என்றால் அதை நான் ஒரு விளைவாகத்தான் பார்ப்பேன். உள்ளே சருகோ இறுகிய மோட்டாரோ இருக்கிறதா என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் அடுத்த குளிர்காலத்தில் அதுவும் போகும். அறுந்த காவல் துண்டைக் கம்பியால் ஒட்டுப்போடுவதைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சருகுப் பெட்டிக்குள் தீ பிடிக்க அது நேர்வழி.

பெரிய மோட்டார் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பழைய வயரும் சுவிட்சும் அந்தக் கூடுதல் ஆம்பியரைத் தாங்காது. ஒழுங்காக இருக்கும் அசல் அளவு மோட்டாரே இந்தக் கேபினுக்குத் தாராளம்.

வேக்குவம் கதவுகள்

ஏசி உள்ள எஃப்-150களில் காற்றைப் பிரிக்கும் கதவுகளை எஞ்சினின் உறிஞ்சும் விசைதான் இழுக்கிறது. அந்த விசை வராவிட்டால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். ஏதாவது பழுதானாலும் ஓட்டுபவரின் பார்வை மறையக் கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது. மேட்டில் ஏறும்போது மட்டும் காற்று காலிலிருந்து கண்ணாடிக்கு மாறினால் ஒருவழி வால்வோ வேக்குவம் சேமிப்புக் குடுவையோ கசிகிறது. பயணி பக்கத்து ஃபெண்டரின் உட்புறம் குடுவையைத் தேடுங்கள். குழாய்கள் மெல்லிய கடின பிளாஸ்டிக், வயதானால் சுண்ணாம்புபோல நொறுங்கும். வெடித்த முனையை வெட்டிவிட்டு ரப்பர் குழாய்த் துண்டால் இணைத்தால் போதும்.

நல்ல எஞ்சின், வண்டி நிற்க மெதுவாக ஓடும்போது, 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு உறிஞ்சும். கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் இருந்தால் கதவை இழுக்கும் ஒவ்வொரு வேக்குவம் மோட்டாருக்கும் தனியாகக் கொடுத்து ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அரைகுறையாகத் திறந்து நிற்கும் கதவு காற்றை இரண்டு பக்கமும் பங்கிட்டு, இரண்டிலும் மெலிவாகக் காட்டும்.

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்

மூன்றாவது சோதனை ஹீட்டர் கோரைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல வண்டிகளில் கோரைத் தொட டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். இந்த எஃப்-150இல் கிளவ் பாக்ஸின் உள்பெட்டியை எடுத்துவிட்டு, பின்னாலுள்ள மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கோர் கண்ணெதிரே. 1994 முதல் வந்த காற்றுப்பை (ஏர்பேக்) ஓட்டுநர் பக்கம் மட்டும்தான், இந்தப் பக்கம் இல்லை.

மூடியைத் திறந்ததும் முதலில் ஒரு கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து கோரின் முகத்தைப் பாருங்கள். எட்டுகிற அழுக்கை வாக்குவம் முனையால் எடுங்கள். கோரை வெளியே இழுத்துத்தான் கழுவ வேண்டும் என்றால் எஞ்சின் முழுவதும் ஆறியபின் குழாய்களை அவிழ்க்க வேண்டும். பழைய குழாயை முறுக்கி இழுத்தால் கோரின் மூக்கு உடையும், எனவே அதை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். சிந்தும் கூலன்ட்டைத் தட்டில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே அவற்றைக் கொன்றுவிடும். கேபினில் இனிப்பான மணமும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்திருந்தால் கோர் ஏற்கெனவே கசிகிறது. அப்போது கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அங்கிருக்கும்போதே வெப்பநிலை நெம்புகோலை யாரையாவது நகர்த்தச் சொல்லி, கலப்புக் கதவு இரு ஓரமும் போய் மெத்தென்று இடிக்கிறதா என்று கேளுங்கள். கேபிள் இழுத்துக்கொண்டு நடுவில் நின்றால் சரிசெய்ய வேண்டும். துவாரங்களிலிருந்து கறுப்புத் துகள் பறந்து வந்திருந்தால் கதவுகளின் ஃபோம் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடிய துளை கொண்ட ஒட்டும் ஃபோம் பட்டையை அதே தடிமனில் ஒட்டுங்கள். சாதாரணப் பஞ்சு வைத்தால் காற்று ஊடுருவும், ஈரமும் குடிக்கும்.

குழாய்களும் வெளியேறும் வழியும்

டேஷ்போர்டுக்குள் குழாய்கள் ஒன்றோடொன்று செருகி நிற்கும் இடங்களில் வருடக்கணக்கான அதிர்வில் இடைவெளி விழும். விசிறியை ஓட விட்டு டேஷ்போர்டின் அடியில் கையால் தடவிப் பாருங்கள், எங்கே காற்று அடிக்கிறதோ அங்கே இழப்பு. அலுமினியத் தாள் டேப் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் பசை விட்டுவிடும். கண்ணாடி அடியிலுள்ள நீண்ட இடுக்கில் காகிதமோ ரசீதோ விழுந்திருக்கிறதா, தடித்த ரப்பர் மிதியடி கால் பக்கத்து வாயை மூடுகிறதா, இதையும் பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைத் திறந்ததும் காற்று கூடியவர்கள் கேபினின் பின்பக்கத்தைத் தேட வேண்டும். இருக்கைக்குப் பின்னால் அடைத்து வைத்த கருவிப் பை, போர்வை, பிறகு ஒட்டிய ஒலித்தடுப்பு விரிப்பு இவை வெளியேற்றும் மடல்களை மூடியிருக்கலாம். உள்ளே இருக்கும் காற்று போகாமல் புதிய காற்று வராது.

மறு சோதனை, பிறகு ஒரு வலை

எழுதி வைத்த காகிதத்தை எடுத்து ஐந்து சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். முழுச் சூடு, முழு வேகம், கண்ணாடி நிலையில் வைத்து, பனி படிந்த ஒரு காலையில் கண்ணாடி தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்த நேரம் கூடத் தொடங்கினால் சருகு திரும்பச் சேர்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

கவுல் கிரில்லை மாட்டுவதற்கு முன் அதன் அடியில் கால் அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை வெட்டி வையுங்கள். கொசுவலை வேண்டாம், ஒரே பனிப்பொழிவில் அது அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண்ணில் காற்று தாராளமாகப் போகும், முழு இலை போகாது. எலியையும் பெரும்பாலும் நிறுத்தும். வலையின் ஓரங்கள் வைப்பர் கம்பிகளில் உரசாதபடி மடித்துவிட்டு, வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் கிரில்லின் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள்.